ஹாம் ரேடியோ கால்சைன் வந்துவிட்டது, நெட்டில் வாய் திறக்கத்தான் வரவில்லை

திண்டுக்கல்_செல்வா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு சந்தேகம். கொஞ்சம் புலம்பலும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்பநிலைத் தேர்வை எழுதித் தேறி, வியு3 என்று தொடங்கும் கால்சைன் (காற்றில் நம்மை அடையாளம் காட்டும் பெயர்) வந்து, முறையாக ஒரு ஹேண்டியும் (கையடக்க வயர்லெஸ் செட்) வாங்கியாயிற்று. பக்கத்து ஊர் ஹாம் கிளப்பில் (பெயர் வேண்டாமே) சந்தா கட்டிச் சேர்ந்தேன். யாராவது ஆண்டெனா கட்டிக்கொண்டிருப்பார்கள், நாமும் கூட நின்று கற்றுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்துப் போனேன். நடப்பது என்னவென்றால் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் படங்கள், மாதம் ஒரு கூட்டம், டீ, வடை, அப்புறம் பெரியவர்கள் நான்கு பேர் வால்வு செட் காலத்தில் அர்ஜென்டினாவைப் பிடித்த கதை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக வந்தவனிடம் நீ என்னப்பா செட் வைத்திருக்கிறாய், என்ன பண்ண ஆசை என்று ஒருவரும் கேட்பதில்லை. நானாகப் போய்க் கேட்டால் "நெட்டுக்கு வாங்க, தானா வந்துரும்" என்கிறார்கள்.

அந்த ஞாயிறு காலை நெட்தான் (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) பெரிய சிக்கல். ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) ஒருவர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார், எல்லோரும் ஒருவரையொருவர் காலங்காலமாகத் தெரிந்தவர்கள், சடசடவென்று பேசிவிட்டு 73 (விடைபெறும் வாழ்த்து) சொல்லிப் போய்விடுகிறார்கள். எங்கே நுழைவது என்றே தெரியவில்லை. பிடிடியில் (பேச அழுத்தும் பட்டன்) விரல் வைப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். கடையில் முன்பின் தெரியாத கஸ்டமரிடம் நாள் முழுக்க வாயடிப்பவன் நான், இந்த ஒரு பட்டனை அழுத்தினால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு முடிந்துவிட்டது. நான் தேர்வுக்குப் படித்ததைக் கேட்டுக் கேட்டே ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தானும் எழுதப் போவதாகச் சொல்கிறாள். இந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் வடை தீர்ந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

உங்கள் ஊர் கிளப்பில் புது ஆட்களுக்கு என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கு யார், எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

*

வைகைக்கரை_ஹாம்:

செல்வா தம்பி, நெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன வேலை. நெட்டை நடத்தும் கன்ட்ரோலர் தன் பட்டியலில் உள்ளவர்களைக் கூப்பிட்டு முடித்ததும் "வேற யாராவது செக்-இன் உண்டா" என்று ஒரு இடைவெளி விடுவார். அங்கேதான் நுழைய வேண்டும். பிடிடியை அழுத்துங்கள், ஒரு நொடி சும்மா இருங்கள், அப்புறம் கால்சைனை ஃபோனெட்டிக்கில் (வி-க்கு விக்டர், யு-வுக்கு யூனிஃபார்ம் என்பது போல) ஒரே முறை சொல்லிக் கையை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு நொடி எதற்கு என்றால், உங்கள் செட் அனுப்பும் டோனை ரிப்பீட்டர் கண்டுகொண்டு திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அழுத்திய வேகத்தில் பேசினால் "விக்டர் யூனிஃபார்ம்" வெளியே வராமலே போய்விடும், பாதி கால்சைன்தான் கேட்கும், அவர் "அந்த ஸ்டேஷன் மறுபடி" என்பார், உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். உங்களைக் கூப்பிட்டதும் பேர், ஊர், என்ன செட், என்ன ஆண்டெனா, என் ஆடியோ எப்படி இருக்கிறது, இவ்வளவு போதும். தமிழிலேயே பேசுங்கள். வியாபாரம், அரசியல், மதம் இந்த மூன்றும் காற்றில் கூடாது என்பது விதி, ஆகவே கடை விளம்பரம் மட்டும் வேண்டாம்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாள்கூட உட்காரவைத்துப் பாடம் எடுத்தது கிடையாது. முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது வா என்றுகூடச் சொல்லவில்லை, ஒரு துண்டு கோஆக்ஸையும் (ஆண்டெனா கேபிள்) அதன் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டரையும் கையில் கொடுத்து மாட்டு என்றார். அவ்வளவுதான். மாட்டிக் கொடுத்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கனெக்டரைக் கொடுத்தார். நம் ஊரில் பாதி வாத்தியார்கள் இப்படித்தான், வாயால் கேட்டால் கதை வரும், கையில் வேலையோடு பக்கத்தில் நின்றால்தான் விஷயம் வரும்.

ஆகவே "கற்றுக்கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "நெட் லாக் நான் எழுதட்டுமா" என்று கேளுங்கள். எந்தக் கன்ட்ரோலரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், ஏனென்றால் அது யாரும் விரும்பாத வேலை. ஒவ்வொரு ஞாயிறும் நேரம், கால்சைன், ஊர், சிக்னல் ரிப்போர்ட் என்று எழுதிக்கொண்டே வந்தால், கொஞ்ச நாளில் யார் குரல் யாருடையது, யார் யாரோடு பேசுவார், யாருடைய சிக்னல் மழை நாளில் விழும் என்று எல்லாம் பிடிபட்டுவிடும். அப்புறம் ஒருநாள் கன்ட்ரோலருக்குக் கல்யாண வீடு வரும். லாக் வைத்திருப்பவரைத்தான் அன்றைக்கு நெட் நடத்தச் சொல்வார்கள்.

இரண்டாவது, உங்கள் கடை. ஹாட் ஏர் ஸ்டேஷனும் மைக்ராஸ்கோப்பும் வைத்துக்கொண்டு கிளப்பில் ஒதுங்கி நிற்கிறேன் என்று சொல்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்! அந்த அர்ஜென்டினாப் பெரியவர்கள் வீட்டு அலமாரியில் டிஸ்ப்ளே போன ரிக் (ரேடியோ செட்) ஒன்றாவது இருக்கும், பொடிப் பாகங்கள் ஒட்டிய சர்ஃபேஸ் மவுன்ட் போர்டைத் தொடக் கண்ணும் கையும் இடம் கொடுக்காமல் மூடி வைத்திருப்பார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே திறங்கள். சர்க்யூட் அவர் சொல்வார், சாலிடரிங் அயர்ன் நீங்கள் பிடிப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கடையில் இருக்கும் சின்ன அயர்னை வைத்துப் பிஎல்-259 சாலிடர் பண்ணப் போகாதீர்கள். கனெக்டர் உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஓட்டை வழியாகத் தெரியும் கேபிள் பின்னலில் ஈயம் உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. நீங்களும் விடாமல் வைத்துக்கொண்டிருப்பீர்கள், அதற்குள் உள்ளே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் இளகி நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நூறு வாட் அயர்ன், தடித்த முனை, டக்கென்று வைத்து டக்கென்று எடுக்க வேண்டும். முடிந்ததும் நடுக்கம்பிக்கும் வெளி உடம்புக்கும் மல்டிமீட்டர் வைத்து ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் ரிக்கில் மாட்ட வேண்டும்.

*

பரிமளா_கோவை:

செல்வா அண்ணா, உங்கள் பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். தேர்வு எழுதப் பன்னிரண்டு வயது போதும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, அடுத்த நிலையான ஜெனரலுக்குத்தான் நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். பாடம் என்று பார்த்தால் ஓம் விதி, ரேடியோ அடிப்படை, க்யூ கோடு (க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), விதிமுறைகள். பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. எழுதி முடித்துக் கால்சைன் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள், பிள்ளைகளுக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம்.

கூட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டாம், ஃபாக்ஸ் ஹன்ட்டுக்கு அழைத்துப் போங்கள். உங்கள் கிளப்பில் நடத்துவதில்லை என்றால் நீங்களே நடத்தலாம், பெரிய செலவே இல்லை. ஒருவர் சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்கேயாவது ஒளித்துவைத்து, விட்டுவிட்டு சிக்னல் அனுப்பிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டெனாவை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்டீல் அளவு நாடாவிலும் பிவிசி பைப்பிலும் செய்துவிடலாம். இரண்டு மீட்டர் பேண்டுக்கு (இரண்டு மீட்டர் என்பது அலைநீளம்) ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும், மூன்று துண்டு போதும். நாடாவின் மஞ்சள் பெயிண்டை உப்புத்தாள் போட்டு நன்றாகச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது. ஸ்டீல் நாடா என்பதால் வளையும், டவுன் பஸ்ஸில் கொண்டுபோகலாம், கண்டக்டர் முறைப்பார், பரவாயில்லை.

தூரத்தில் இருக்கும்போது யாகியை (அந்த நாடா ஆண்டெனாவை) எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து எந்தப் பக்கம் சிக்னல் ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். கிட்டே போன பிறகுதான் விளையாட்டே. சிக்னல் மீட்டர் எல்லாப் பக்கமும் முழுசாக நிற்கும், ஒன்றும் புரியாது. அப்போது ஹேண்டியின் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், நம் உடம்பு மறைக்கும் பக்கத்தில் சிக்னல் விழும், அப்படி விழுந்தால் நரி (ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டர்) நம் முதுகுக்குப் பின்னால். இன்னொரு வழி, மூன்றாவது ஹார்மோனிக்கை (அசல் அலைவரிசையின் மூன்று மடங்கில் கசியும் சிக்னலை) கேட்பது. நரி 145.300 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 435.900-க்குப் போங்கள், அங்கே மிகப் பலவீனமாகத்தான் இருக்கும், ரொம்பக் கிட்டே போனால் மட்டும் கேட்கும். பேரூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வைத்தபோது பெரியவர்கள் எல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நேராகப் போய் மட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தான்.

இதில் தேடுகிறவர் கேட்க மட்டுமே செய்கிறார். அவளுக்குக் கால்சைன் வரும்வரை பிடிடி மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

விண்வெளி நிலையத்தையும் காட்டுங்கள். அதிலிருந்து வரும் சிக்னலை 145.800 மெகாஹெர்ட்ஸில், எஃப்எம்மில் கேட்கலாம். சில சமயம் எஸ்எஸ்டிவி (ஒலியாக மாற்றி அனுப்பும்) படம் அனுப்புவார்கள், தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஹேண்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டீகோடர் ஆப் போட்ட போனை வைத்தால் போதும், கீச்சுக் கீச்சென்று சத்தம் வர வர போனில் படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் போல ஆகும், நிலையம் நம் தலைக்கு மேல் இருப்பதே அதிகம் போனால் பத்து நிமிடம், ஆகவே மொட்டை மாடியில் முன்னாடியே தயாராக நில்லுங்கள். இந்தியாவே ஹாம்களுக்காக 2005-இல் ஹாம்சாட் என்று ஒரு குட்டிச் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது, 2014 வரை வேலை செய்தது. அதை என் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

கடைசியாக ஒன்று. நான் முதன்முதலில் ஒரு கிளப் கூட்டத்துக்குப் போனபோது "உங்க வீட்டுக்காரர் கால்சைன் என்ன" என்றார்கள். அவருக்கு ரேடியோவில் பேட்டரி மாற்றக்கூடத் தெரியாது. உங்கள் பெண்ணை யாராவது "அப்பா கூட வேடிக்கை பார்க்க வந்தியா" என்று கேட்டால், அவள் பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

*

இரவு_ஆந்தை:

எல்லோரும் கோபப்படாதீர்கள். கிளப்பே வேண்டாம் என்பது என் கட்சி. சந்தா, கூட்டம், தலைவர், செயலாளர், யார் படம் பேனரில் பெரிதாக இருக்கிறது என்ற சண்டை, இதெல்லாம் எதற்கு? வெப்எஸ்டிஆர் தளத்துக்குப் போனால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ரிசீவரையும் திருப்பிக் கேட்கலாம். எச்எஃப் (தொலைதூரம் போகும் குறைந்த அலைவரிசைகள்) எடுக்கும் ஆர்டிஎல் டாங்கிள் என்ற சின்ன ரிசீவர் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். 7.074, 14.074 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் எஃப்டி8 (பேச்சு இல்லாமல் கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி மாற்றிக்கொள்ளும் முறை) ஓடிக்கொண்டே இருக்கும், பதினைந்து வினாடிக்கு ஒருமுறை வரிசையாக நாடுகள் திரையில் விழும், கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். யாரிடமும் "அண்ணே, சார்" என்று நிற்க வேண்டியதில்லை. பேசவே கூச்சமாக இருக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? (அனுப்ப ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் லைசென்ஸில் எந்தெந்த எமிஷனுக்கு, அதாவது அனுப்பும் முறைக்கு, அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

*

வைகைக்கரை_ஹாம்:

ஆந்தையாரே, எஃப்டி8 நானும் ஓட்டுகிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது மீட்டர் பேண்டு டைபோலை (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆண்டெனா, நாற்பது மீட்டர் என்பது அலைநீளம்) தனியாளாக ஏற்றிப் பாருங்கள். ஒருவர் மாடித் தொட்டி மேல் நின்று நடுவைப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே மீட்டர் பார்க்க வேண்டும், இன்னொருவர் தெருவில் நின்று ஈபி லைன் பக்கம் கம்பி ஆடுகிறதா என்று கவனிக்க வேண்டும். கடைசி ஆள் ரொம்ப முக்கியம். அவருக்குத் தியரி எதுவும் தெரிய வேண்டியதில்லை, கத்தத் தெரிந்தால் போதும். பேனர் சண்டை எங்கள் கிளப்பிலும் உண்டு. அதற்காகத் தனியாக ஏணி ஏறச் சொல்ல முடியாது.

*

நாகை_அலை:

கடற்கரைக்காரன் என்பதால் நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். 2004-இல் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் (வியு2ஆர்பிஐ) தலைமையில் ஒரு குழு வியு4 என்ற அபூர்வ கால்சைன் முன்னொட்டோடு உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. அந்தமானில் பல வருடங்களாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதியே இல்லாமல் இருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. டிசம்பர் 26 காலையில் சுனாமி. டெலிபோன் போய்விட்டது. விளையாட்டாக எடுத்துப்போன அதே ரிக்கை வைத்துத்தான் தீவுகளிலிருந்து செய்தி வெளியே போனது. இது நம் கிளப்களில் எல்லோரும் சொல்லும் கதை. சொல்லட்டும். அவர்கள் அன்றைக்குச் செய்த வேலையை, ஒரு செய்தியைப் பிழையில்லாமல் இன்னொருவருக்குக் கடத்துவதை, எத்தனை கிளப் பழகிப் பார்க்கிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பக்கம் சில பேர் சேர்ந்து அவ்வப்போது ஒரு பயிற்சி வைத்துக்கொள்கிறோம். போனை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு செய்தியைத் தாளில் எழுதுவார்: எண், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, விஷயம். அதை ஹேண்டியில் அடுத்தவருக்கு, அவர் அதற்கு அடுத்தவருக்கு, கடைசி ஆள் எழுதியதை முதல் தாளோடு வைத்துப் பார்ப்போம். முதல் தடவை செய்பவர்கள் எல்லோருக்கும் சிரிப்பு வரும். கீழ்வேளூருக்குப் போக வேண்டிய படுக்கைப் பாய் கீழையூருக்குப் போயிருக்கும். இரண்டும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற ஊர், இரைச்சலில் இரண்டும் ஒன்று போலத்தான் காதில் விழும். அதனால் ஊர்ப்பேர், ஆள்பேர், எண் இந்த மூன்றையும் ஒவ்வொரு எழுத்தாக ஃபோனெட்டிக்கில் சொல்லி, வாங்கியவர் திருப்பிப் படித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

இதில் செல்வாவுக்கு என்ன லாபம் என்றால், இங்கே பேசுவதற்குத் தலைப்பு தேட வேண்டியதே இல்லை. தாளில் இருப்பதைப் படித்தால் போதும். நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லும் புது ஆட்களை நாங்கள் இப்படித்தான் மைக் முன்னால் உட்கார வைப்போம். நலம் விசாரிக்கச் சொன்னால் திணறுவார்கள், "பால் பவுடர் நாற்பது பாக்கெட்" என்று படிக்கச் சொன்னால் கணீரென்று வரும்.

பேட்டரியும் ஒரு பாடம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது கரண்ட் பல நாள் இல்லை, செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் எச்எஃப் ரிக்கை வைத்துக் கேட்பது சில மணி நேரம் தாங்கும், முழு பவரில் பேச ஆரம்பித்தால் மளமளவென்று இறங்கும். இதைக் கூட்டத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு சாயங்காலம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நெட் நடத்துங்கள், யாருடைய குரல் முதலில் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

*

திண்டுக்கல்_செல்வா:

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை சார் சொன்னபடி கன்ட்ரோலருக்குப் போன் போட்டு லாக் எழுதட்டுமா என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "இதை இத்தனை வருஷமா ஒருத்தரும் கேட்டதில்லப்பா" என்றார். இந்த ஞாயிறு எழுதினேன். கடைசியில் அவரே என் கால்சைனைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார், தப்பிக்க வழியில்லை, ஒரு நொடி பொறுத்துப் பேசிவிட்டேன். ஆடியோ நன்றாக இருக்கிறது, ஆனால் மைக்கை விழுங்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடி என்று மூன்று பேர் சொன்னார்கள்.

அர்ஜென்டினாக்காரர் ஒருவரிடம் டிஸ்ப்ளே மங்கிய ரிக் இருப்பது உண்மைதான். கடைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், மூடியைத் திறந்ததும் அமைதியாகிவிட்டார். போர்டைக் காட்டி எது ஆசிலேட்டர், எது ஃபில்டர் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கஸ்டமரை எல்லாம் அப்புறம் வரச் சொல்லிவிட்டேன். பேக்லைட் மாற்ற வேண்டும், பார்ட் சொல்லியிருக்கிறேன்.

மகள் அளவு நாடா வாங்கச் சொல்லி அடம்பிடிக்கிறாள். கடையில் இருந்த ஒன்றை ஏற்கெனவே வெட்டிவிட்டாள், என் மனைவி தையலுக்கு வைத்திருந்த துணி டேப் தப்பித்தது.

ஆந்தை அண்ணா, டாங்கிளும் வாங்கப் போகிறேன், கோபம் வேண்டாம். அடுத்து நாற்பது மீட்டர் டைபோல் போட ஆசை. மாடித் தொட்டிப் பக்கம் பழைய டிவி ஆண்டெனா பைப் நிற்கிறது. நீளம் எவ்வளவு வேண்டும்?

*

இரவு_ஆந்தை:

மெகாஹெர்ட்ஸால் 143-ஐ வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு இருபது மீட்டர் சொச்சம், பக்கத்துக்குப் பத்து. கிளப்பே வேண்டாம் என்று சொன்னவன் வந்து கணக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

*

வைகைக்கரை_ஹாம்:

கணக்கு சரி. ஆனால் வெட்டும்போது பக்கத்துக்கு அரை மீட்டர் கூடுதலாக விடுங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பவரை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு) எந்த அலைவரிசையில் குறைகிறது என்று பார்த்து, அது 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம், நுனியை மடக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள், கட்டர் போட வேண்டாம். மடக்கியதைப் பிரிக்கலாம். இரண்டு நுனியும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், பவர் போகும்போது தொட்டால் சுடும்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் ஒன்றும் தூரமில்லை. அடுத்த வாரம் நெட் முடிந்ததும் கிளம்பி வருகிறேன், மீட்டரும் நூறு வாட் அயர்னும் என் பொறுப்பு. அர்ஜென்டினாக்காரரையும் வரச் சொல்லுங்கள், தெருவில் நின்று கத்த ஆள் வேண்டும். கயிறு மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள், அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், திண்டுக்கல் வெயிலுக்கு ஒரு கோடையில் பொடிந்துவிடும்.